ஒரே நேரத்துல ஏழெட்டு இடத்தை பிங் பண்ணி பாக்க எது நல்லது? போடி – குமுளி – நெடுங்கண்டம் பஞ்சாயத்து

ஏலக்கா_கணக்கு (போடி)

வணக்கம் மக்களே. போடில ஒரு ஏலக்காய் கடையில கணக்கு எழுதுறேன், கடையில வயசு கம்மி நான்தான்னு கம்ப்யூட்டர் வேலையும் என் தலையில கட்டிட்டாங்க, மத்தபடி நெட்வொர்க் படிச்சவன் இல்ல. மெயின் கடை இங்க கீழ, மேல குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைன்னு நாலு டிப்போ. பில்லிங் சர்வர் போடில இருக்கு, டிப்போல இருக்கவங்க ரிமோட் டெஸ்க்டாப்புல உள்ள வந்து என்ட்ரி போடுவாங்க. போடி லைனுக்கு மட்டும் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத அட்ரஸ், வாங்கியிருக்கோம்.

பிரச்சன என்னன்னா தெனமும் யாராவது ஒருத்தர் போன் பண்ணி தம்பி நெட்டு போச்சுங்கறாங்க, நான் எந்திரிச்சு போய் பாக்குறதுக்குள்ள வந்துருது. புத்தடில ஏலம் நடக்குற அன்னிக்குன்னா கேக்கவே வேணாம், முதலாளி போன் ஒரு பக்கம் டிப்போ போன் ஒரு பக்கம். போன வாரம் சரக்கு ஏத்தி தார்ப்பாய் கட்டி லோடு ரெடி, 50,000 ரூவாய்க்கு மேல போற சரக்குக்கு இ-வே பில் இல்லாம வண்டி செக்போஸ்ட் தாண்ட முடியாதுல்ல, பில் போட சர்வர் வரல, டிரைவர் ரெண்டு டீ குடிச்சு முடிச்சுட்டு என்னைய மொறச்சிட்டு நின்னாரு. நெட் கம்பெனிக்கு அடிச்சா எங்க சைடு ஓகே சார் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு ஒரே பாட்டு.

இப்ப நான் பண்றது, கமாண்ட் ப்ராம்ப்ட்ல நாலு கருப்பு ஜன்னல் தொறந்து நாலு டிப்போவையும் விடாம பிங் (இருக்கியான்னு கேட்டு, பதில் வர்ற நேரத்த பாக்கறது) போட்டு வச்சிருக்கேன். எது எப்ப விழுந்துச்சுன்னு மேல ஸ்க்ரோல் பண்ணி தேடறதுக்குள்ள கண்ணு பூத்துருது, நேரமும் அதுல காட்டாது. இன்னொரு கூத்து, நெடுங்கண்டத்துல கரண்டே இல்லாதப்பவும் நெடுங்கண்டம் ஐபிக்கு பிங் பதில் வருது! பேய் புடிச்ச மாதிரி இருக்கு. அந்த ஐபி நான் அங்க உக்காந்து கூகுள்ல என்னோட ஐபி என்னன்னு தேடி எடுத்ததுதான்.

ஏழெட்டு இடத்தை ஒரே ஸ்க்ரீன்ல பாக்கணும், எப்ப விழுந்துச்சு எப்ப வந்துச்சுன்னு நேரத்தோட இருக்கணும், காசு கம்மியா இருக்கணும். எது போடலாம்?

செங்கோட்டை_ஒயர்

நிர்சாஃப்ட்டோட பிங்இன்ஃபோவியூ எறக்குங்க ப்ரோ, ஃப்ரீ, இன்ஸ்டால் கூட வேணாம், ஐபி லிஸ்ட்ட ஒட்டுனா ஒரே டேபிள்ல எல்லாம் வரும், எத்தன தடவ ஃபெயில் கடைசியா எப்ப ஃபெயில்னு தனித்தனி வரிசைல இருக்கும். இல்ல கட்டம் கட்டமா பச்ச செவப்பா வேணும்னா விஎம்பிங். ரெண்டும் விண்டோஸ்தான். எங்க புளியறை கடைக்கும் கேரளா பக்கம் ஆரியங்காவு கடைக்கும் ரெண்டு வருஷமா இதுதான் ஓடுது, பெரிய சாப்ட்வேர்லாம் நம்ம கடைக்கு வேணாம்.

பெரியாத்தங்கரை (வண்டிப்பெரியாறு)

தம்பி, சாப்ட்வேர் அப்புறம். நான் கொச்சில ஒரு நெட்வொர்க் கண்ட்ரோல் ரூம்ல ஷிப்ட் பாக்குறவ, செவுரு முழுக்க கிராஃபா பாத்து பாத்து எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா தெரியும், எந்த சாப்ட்வேர்ங்கறத விட எதெத பிங் பண்றோங்கறதுதான் விஷயம். நீங்க நாலு டிப்போவ மட்டும் பாக்குறீங்க, அதுல நாலும் விழுந்தா போடி லைனா டிப்போ லைனான்னு எப்படி சொல்லுவீங்க?

படி படியா வைங்க. மொதப்படி உங்க போடி ரவுட்டர். அடுத்தது உங்க நெட் கம்பெனியோட மொத கேட்வே, ட்ரேஸ்ரூட் (டேட்டா போற வழில இருக்க பொட்டிங்கள வரிசையா காட்டறது) போட்டா ரவுட்டருக்கு அடுத்து வர்ற அட்ரஸ். அதுக்கு மேல வெளியில ரெண்டு, கூகுளோட 8.8.8.8 ஒண்ணு, க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.1 ஒண்ணு. ரெண்டு எதுக்குன்னா ஒண்ணு மட்டும் விழுந்தா அவன் பிரச்சன, நம்ம பிரச்சன இல்ல. அதுக்கப்புறம் டிப்போங்க. இப்ப ரவுட்டரே விழுந்தா உங்க கடை ஒயரு இல்ல சுவிட்சு. ரவுட்டர் நல்லாருந்து கேட்வேல இருந்து எல்லாமே விழுந்தா லைன். எல்லாம் நல்லாருந்து குமுளி மட்டும் விழுந்தா குமுளில போய் பாருங்க. எட்டு எடத்த ஒரே நேரத்துல பாக்குறதோட லாபமே இதுதான், எது எதுகூட சேந்து விழுதுன்னு பாக்கறது. நாலு அலாரம் ஒண்ணா அடிச்சா நாலு பிரச்சனன்னு நெனச்சுக்காதீங்க, முக்காவாசி நேரம் ஒரே பிரச்சனதான்.

அப்புறம் உங்க பேய். நெடுங்கண்டம் ரவுட்டர் பேஜ்ல போய் வான் ஐபி (நெட் கம்பெனி அந்த ரவுட்டருக்கு குடுத்த அட்ரஸ்) என்னன்னு பாருங்க, 100.64ல இருந்து 100.127 வரைக்கும் எதுலயாவது தொடங்கும்னு நெனக்கிறேன். அது கம்பெனிக்காரன் பல வீட்டுக்கு ஒரே வெளி ஐபிய பங்கு போட்டு குடுக்கறது, சிஜிநாட்னு சொல்லுவாங்க, ஐபிவி4 அட்ரஸ் பத்தாம போனதால 2012ல அதுக்குன்னே அந்த ரேஞ்ச ஒதுக்குனாங்க. கூகுள்ல நீங்க பாத்தது கம்பெனிக்காரனோட பொட்டி. நெடுங்கண்டத்துல கரண்டு போனா அவன் பொட்டி ஏன் படுக்கணும், அது எங்கயோ ஏசி ரூம்ல சொகமா பதில் சொல்லிட்டு இருக்கு. அதாவது நீங்க இத்தன நாளா டிப்போவ பிங் பண்ணவே இல்ல.

வெளியில இருந்து சிஜிநாட்டுக்கு உள்ள போக முடியாது, உள்ள இருந்து வெளிய வரலாம். அதனால போடில வயர்கார்டு விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ள நமக்குன்னு ஒரு தனி சுரங்கப்பாதை) ஒண்ணு போடுங்க, ஸ்டேட்டிக் ஐபி இருக்குல்ல அது போதும், டிப்போ நாலும் உள்ள இருந்து போடிக்கு கனெக்ட் ஆகட்டும், கீப்அலைவ் (இன்னும் இருக்கேன்னு அப்பப்ப அனுப்பற சின்ன பாக்கெட்) 25 செகண்டு வைங்க, இல்லன்னா சும்மா இருக்கும்போது அந்த சிஜிநாட் கதவ சாத்திரும். அப்புறம் ஒவ்வொரு டிப்போவுக்கும் ஒரு 10.ல தொடங்குற அட்ரஸ், அத பிங் பண்ணுங்க, அதான் நெஜ டிப்போ.

இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்ட (அதுக்கு உள்ள வர்ற கதவ) இன்டர்நெட்டுக்கு நேரா தொறந்து வச்சிருக்கீங்கதானே? விபிஎன் போட்ட அன்னிக்கே அத மூடுங்க. பாஸ்வேர்டு அடிச்சு பாக்குறவன் உலகம் பூரா உக்காந்திருக்கான், உள்ள வந்து மொத்த கணக்கையும் பூட்டிட்டு காசு கேட்டான்னா நெட்டு போறதெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும்.

ஏலக்கா_கணக்கு (போடி)

அக்கா கும்பிடுறேன். நெடுங்கண்டத்துக்கு போன் போட்டு பாக்க சொன்னேன், 100.72னு வருது. வண்டன்மேடும் 100தான். ரெண்டு மாசமா ஏசி ரூம் பொட்டிய பிங் பண்ணி டிப்போ நல்லாருக்குன்னு முதலாளிட்ட சொல்லிட்டு இருந்திருக்கேன். போர்ட்டும் தொறந்துதான் இருந்துச்சு, நேத்து ராத்திரி லாக்ல பாத்தேன் அட்மினிஸ்ட்ரேட்டர்ங்கற பேர்ல உள்ள வர முயற்சி பண்ணி தோத்தது மட்டும் ஆயிரக்கணக்குல இருக்கு, வயித்த கலக்கிருச்சு. விபிஎன் ஞாயித்துக்கெழம உக்காந்து போட்டேன், ஒரு நாள் முழுக்க போச்சு, போர்ட்ட சாத்தியாச்சு. விபிஎன் அட்ரஸ்ல பிங் போட்டா மொதல்ல ஒண்ணும் வரல, விண்டோஸ் ஃபயர்வால் பிங்க அடைச்சு வச்சிருக்கு, எக்கோ ரிக்வெஸ்ட் ரூல ஆன் பண்ண அப்புறம் வந்துச்சு. இது தெரியாம ரெண்டு மணி நேரம் கேபிள மாத்தி மாத்தி குத்துனேன்.

பிங்இன்ஃபோவியூ போட்டேன், நல்லாருக்கு, நன்றி ஒயர் ப்ரோ. ஆனா எங்க விழுதுன்னு வழியோட பாக்கணும்னு பிங்ப்ளாட்டர் 14 நாள் ட்ரையல் போட்டு பாத்தா பயமா இருக்கு. 8.8.8.8க்கு போற வழில நாலாவது ஹாப்ல (வழில நாலாவதா இருக்க ரவுட்டர்) 80 சதவீதம் லாஸ்னு, அதாவது பதில் வரலன்னு, செவப்பா நிக்குது! அந்த ஸ்க்ரீன்ஷாட்ட எடுத்து நெட் கம்பெனிக்கு அனுப்பி நல்லா நாலு கேள்வி கேட்டேன், அவங்க அதுக்கும் எங்க சைடு ஓகேங்கறாங்க.

கொழிஞ்சாம்பாறை_பொட்டி

தம்பி இந்த ஒரு தடவ அவங்க சொன்னது சரிதான் கேட்டீங்களா. நாலாவது ஹாப்புல 80 லாஸ், அஞ்சாவது ஆறாவதுல எவ்வளவு? கடைசில எவ்வளவு? கடைசி 8.8.8.8ல பூஜ்யம்னா லாஸே இல்ல. வழில நிக்கற ரவுட்டருக்கு பாக்கெட்ட கடத்தி விடறதுதான் வேல, நம்ம ட்ரேஸுக்கு பதில் சொல்றது அதுக்கு ஓசி வேல, நேரம் இருந்தா சொல்லும் இல்லன்னா விட்டுரும், நெறைய எடத்துல செகண்டுக்கு இத்தனதான் பதில்னு வரம்பே வச்சிருப்பாங்க. வாளையார் செக்போஸ்ட்ல போலீஸ்காரர் உங்க வணக்கத்துக்கு பதில் வணக்கம் வைக்கலன்னா லாரி நின்னுருச்சுன்னா அர்த்தம்? கடைசி வரைக்கும் தொடர்ந்து வர்ற லாஸ் மட்டும்தான் லாஸ். நாலுல தொடங்கி அஞ்சு ஆறு ஏழு கடைசி வரைக்கும் 10 சதவீதம்னு ஒரே மாதிரி வந்தா அப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சண்ட போடுங்க, நானும் வரேன். போன வழி ஒண்ணு திரும்பற வழி இன்னொண்ணாவும் இருக்கும், அது ட்ரேஸுல தெரியாது, அதனால ரெண்டு பக்கம் இருந்தும் எடுக்கணும், போடில இருந்து குமுளிக்கு ஒண்ணு குமுளில இருந்து போடிக்கு ஒண்ணு. வயர்கார்டுக்கு உள்ள இல்ல, வெளிய உள்ள போடி ஐபிக்கு எடுங்க, விபிஎன் உள்ள எடுத்தா நடுவுல இருக்க எல்லாம் ஒரே ஹாப்பா மறைஞ்சிரும்.

பிங் நேரம் பாத்தும் மெரளாதீங்க. ஃபைபருக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமாரா 2,00,000 கிலோமீட்டர் ஓடும், 100 கிலோமீட்டர் போய்ட்டு வர 1 மில்லிசெகண்டுதான். கணக்குப்படி போடில இருந்து நெடுங்கண்டம் ஒண்ணு கூட ஆகக்கூடாது, ஆனா 35, 40 வரும். ஏன்னா ரெண்டும் வேற வேற கம்பெனி, ரெண்டு கம்பெனியும் கை மாத்திக்கறது பெரும்பாலும் சென்னையிலயோ மும்பையிலயோ, உங்க பாக்கெட் மலைய சுத்திட்டு அங்க போய் திரும்பி வருது. எனக்கு இங்க இருந்து பொள்ளாச்சி பக்கத்து ஊரு, பஸ்ல போனா கூட சீக்கிரம் போற மாதிரி தோணும் சில நாளு. அது நோய் இல்ல, எப்பவும் 38ன்னா அதுதான் அதோட நார்மல். 38 இருந்தது 400 ஆச்சுன்னாதான் பாக்கணும். அதனால மொதல்ல ஒரு வாரம் சும்மா ஓட விடுங்க, நார்மல் என்னன்னு தெரியட்டும்.

எத்தன செகண்டுக்கு ஒரு தடவன்னு யாரும் சொல்லல. பிங்ப்ளாட்டர் தானா 2.5 செகண்டு வைக்கும், ஃபைபர்ல அது போதும். ஆனா டாங்கிள்ல (சிம் போட்ட நெட் குச்சி) ஓடற டிப்போல இருந்து இத ஓட்டுனா உஷார். ஒரு எடத்துக்கு செகண்டுக்கு ஒரு பிங்னா நாளைக்கு போக வர 14, 15 எம்பி, அது பெருசு இல்ல, ஆனா பிங்ப்ளாட்டர் வழில இருக்க ஒவ்வொரு ஹாப்பையும் பிங் பண்ணும், 12 ஹாப்பு 7 எடம்னா 84 ஆச்சு, ஒரு நாள் டேட்டா ஒரு ஜிபி கிட்ட தின்னுட்டு போயிரும். அந்த டிப்போல மட்டும் 15, 30 செகண்டுக்கு ஒரு தடவன்னு போடுங்க. ரொம்ப தள்ளியும் போடாதீங்க, எங்கூட்டு பழைய லேப்டாப்புல ஸ்மோக்பிங் ஓடுது, கிராஃபு அழகோ அழகு, ஆனா அது தானா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ 20 பிங் அடிக்கும், நடுவுல ரெண்டு நிமிஷம் லைன் போய்ட்டு வந்தா அதுக்கு தெரியாமயே போயிரும். வருஷக்கணக்கா பாக்க ஸ்மோக்பிங், நிமிஷக்கணக்கா திருடன புடிக்க பிங்ப்ளாட்டர் மாதிரி. லினக்ஸ் தெரிஞ்சா எம்டிஆர், அதுவும் ஹாப்பு ஹாப்பா காட்டும், காசும் இல்ல, 1997ல இருந்து இருக்கற சாமான், ஆனா ஒரு ஓட்டத்துக்கு ஒரு எடந்தான்.

அந்த பிங் ஓடற கம்ப்யூட்டர் தூங்காம பாத்துக்கங்க, ஒயர்ல இருக்கணும், வைஃபைல இருந்தா வைஃபையோட குத்தத்த எல்லாம் லைன் மேல போட்டுருவீங்க.

குமுளி_சுக்கு

போன்ல மெசேஜ் வேணும்னா அப்டைம் குமா பாருங்க, ஓசி, டெலிகிராம்ல வந்து விழுந்திருச்சு எந்திரிச்சிருச்சுன்னு சொல்லும். பிங்குக்கு பதிலே சொல்லாத வெப்சைட்டுங்க நெறைய இருக்கு, அதுங்கள வெப்சைட்டு கதவான 443 போர்ட்டு தொறக்குதான்னு பாக்க வைக்கலாம். பிங் வரலன்னு சைட்டு படுத்துருச்சுன்னு நெனச்சிராதீங்க.

ஆனா ஒண்ணு, குமா போடி கம்ப்யூட்டர்லயே ஓடி போடி நெட்டே போச்சுன்னா மெசேஜ் எதுல வரும்? நான் அப்படித்தான் ஒரு நாள் ராத்திரி முழுக்க ஆஹா இன்னிக்கு ஒரு மெசேஜ் கூட வரலயேன்னு நிம்மதியா தூங்குனேன்.

ஏலக்கா_கணக்கு (போடி)

9 நாள் ஓட விட்டு வந்திருக்கேன். அக்கா சொன்ன மாதிரி படி படியா எட்டு எடம், ஒண்ணுக்கு கீழ ஒண்ணா கிராஃப் வச்சு பாத்தா என்னமோ ஈசிஜி மாதிரி இருக்கு. கண்ணுல பட்டது சொல்றேன், என்னன்னு நீங்கதான் சொல்லணும்.

ஒண்ணு, தெனமும் சாயங்காலம் 7:15 வாக்குல போடி ரவுட்டர் 1 மில்லிசெகண்டுல கம்முனு இருக்கு, ஆனா கேட்வே 4ல இருந்தது 500, 600னு ஏறுது, அதுக்கு மேல இருக்கறது எல்லாமே சேந்து ஏறுது, நாலு டிப்போவும் கூட. 7:50க்கு எல்லாம் ஒண்ணா எறங்கிருது. ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல.

ரெண்டு, குமுளி மட்டும் தனியா விழுது. மத்த மூணும் நல்லாருக்கு. நாளைக்கு நாலு தடவ அஞ்சு தடவ, பகல்ல மட்டுந்தான். ஒவ்வொரு தடவயும் 2 நிமிஷம் 10 செகண்டு, 2:20, 2:15 இப்படித்தான் இருக்கு.

மூணு, பூப்பாறை மழ பெஞ்சா லாஸ் வருது, அது போடிமெட்டு பக்கம் மரத்து மேல தொங்கற கேபிளு, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

பெரியாத்தங்கரை (வண்டிப்பெரியாறு)

மொதலாவது ஈசி. கடை சாத்துற நேரத்துல போடில இருந்து எதோ அப்லோடு ஆகுது. ஞாயிறு கடை லீவு, அதான் இல்ல. கணக்கு பேக்கப் க்ளவுடுக்கு போகுதா? சிசிடிவியா? அப்லோடு குழாய் நெறஞ்சா பிங் பாக்கெட்டும் அதே க்யூல கடைசில நிக்கும், லாஸ் பெருசா ஆகாது, நேரம்தான் ஏறும். உங்க ரவுட்டர் வரைக்கும் நல்லாருக்கு கேட்வேல இருந்து ஏறுதுன்னா லைன்னு நான் முன்னாடி சொன்னது இங்க பாதிதான் சரி, லைன் நல்லாதான் இருக்கு, நெரிசல் நம்மளோடது. பேக்கப்ப ராத்திரி 11க்கு மாத்துங்க, இல்லன்னா ரவுட்டர்ல அப்லோடு வேகத்துக்கு ஒரு கட்டு போடுங்க.

ரெண்டாவதுதான் எனக்கு புடிச்சிருக்கு. லைன் அறுந்தா ஒரு தடவ பத்து நிமிஷம், ஒரு தடவ ரெண்டு மணி நேரம், ஒரு தடவ அரை செகண்டு, அதுக்கு கணக்கே இருக்காது. ஒவ்வொரு தடவயும் 2:15, 2:20ன்னு அளந்து வச்ச மாதிரி விழுதுன்னா அது லைன் இல்ல தம்பி, ஏதோ ஒரு பொட்டி ரீஸ்டார்ட் ஆகுது. ஃபைபர் மோடம் ஆன் ஆகி கம்பெனிய புடிச்சு நெட்டு வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அங்க யாரையாவது ஸ்விட்ச அணைச்சு போட சொல்லி எண்ண சொல்லுங்க. 2:15 வந்துச்சுன்னா கேஸ் முடிஞ்சுது. மோடம் பேஜ்ல அப்டைம் எவ்வளவுன்னும் பாருங்க, நாள் கணக்குல காட்டாம ஒரு மணி ரெண்டு மணின்னு காட்டுனா உறுதி. பகல்ல மட்டும்னா பகல்ல அங்க என்ன ஓடுதுன்னு கேளுங்க.

ஏலக்கா_கணக்கு (போடி)

பேக்கப்தான் அக்கா, சரியா 7:15க்கு. கணக்கு ஃபைல மொத்தமா க்ளவுடுக்கு ஏத்துது. 11 மணிக்கு மாத்திட்டேன், ரெண்டு நாளா சாயங்காலம் கோடு நேரா போகுது.

குமுளிக்கு நானே நேத்து பஸ் ஏறி போனேன், லோயர் கேம்ப் ஏறும்போதே மழ. மோடத்த அணைச்சு போட்டு போன்ல டைமர் வச்சேன், 2 நிமிஷம் 12 செகண்டு. மோடம் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டில சொருகியிருக்கு, அதே பெட்டில காய் ரகம் பிரிக்கற சல்லட மெஷின் மோட்டாரும் சொருகியிருக்கு. மோட்டார ஸ்டார்ட் பண்ணா ட்யூப்லைட் ஒரு கண்ணு சிமிட்டுது, மோடம் லைட்டு எல்லாம் அணைஞ்சு மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. அங்க இருக்க பெரியவர் சொல்றாரு, ஆமா தம்பி மெஷின போட்டா நெட்டு போவும், அது தெரிஞ்சதுதானே, நீ கேக்கவே இல்லயேங்கறாரு.

மோடத்த இன்வெர்ட்டர் லைனுக்கு மாத்திட்டு ஒரு 12 வோல்ட்டு மினி யூபிஎஸ்ஸும் வச்சிட்டு வந்தேன். முதலாளி எவன்யா அந்த பெட்டில மெஷின சொருகுனதுன்னு கேட்டாரு. போன வருஷம் சாக்கெட்டு பத்தலன்னு அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிய கம்பத்துல வாங்கிட்டு போய் மாட்டுனது நாந்தான். பழசு எல்லாம் பேசி என்ன ஆகப்போகுதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

கொழிஞ்சாம்பாறை_பொட்டி

😂 அந்த நெட் கம்பெனிக்கு அனுப்புன ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஒரு சாரி அனுப்பிருங்க தம்பி. பூப்பாறைக்கு மோடம் பேஜ்ல ஆப்டிகல் பவர் (ஃபைபர்ல வந்து சேர்ற வெளிச்சத்தோட பலம், மைனஸ் எண்ணு கூடுனா வெளிச்சம் கம்மி) எவ்வளவு காட்டுதுன்னு மழ இல்லாதப்ப ஒண்ணு மழைல ஒண்ணு எழுதி வைங்க, மைனஸ் 27 டிபிஎம் கிட்ட போச்சுன்னா அவங்கள கூப்புட அதுதான் ஆதாரம், பிங் கிராஃப விட லைன்மேனுக்கு அது சட்டுனு புரியும்.

ஏலக்கா_கணக்கு (போடி)

இப்ப காயுறப்போ மைனஸ் 25.8. மேல மேகம் கட்டிட்டு இருக்கு அண்ணே, சாயங்காலம் சொல்றேன்.